ஒரிகாமியை எங்கிருந்து தொடங்குவது: நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

கத்திக் கப்பலும் ராக்கெட்டும் மடித்துப் பழகிய கைக்கு ஒரிகாமி என்னும் ஜப்பானியக் காகித மடிப்புக் கலை அவ்வளவு அந்நியமானதல்ல. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ளலாம் என்று தேடத் தொடங்கினால் முதலில் கண்ணில் படுவது கொக்கு. அடுத்தபடியாக வருவது ஜப்பானிய ஒரிகாமிக் கலைஞர் சதோஷி காமியாவின் ரியூஜின் டிராகன்: வெட்டே இல்லாமல் ஒரே தாளில், உடம்பு முழுக்கச் செதிலோடு. இரண்டுக்கும் நடுவில் என்னென்ன இருக்கின்றன, தமக்கு ஒத்துவருவது எது என்று தெரியாமல், நாலு கொக்கு மடித்ததோடு காகிதக் கட்டைப் பரணில் ஏற்றிவிடுகிறவர்கள் பலர்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு எட்டும் தூரத்தில் நான்கு வழிகள் இருக்கின்றன. ஒரே தாளில் ஓர் உருவம் மடிப்பது ஒன்று. ஒரே மாதிரித் துண்டுகளைப் பல மடித்து, பசையில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று செருகி உருண்டையோ பெட்டியோ கட்டுவது இரண்டாவது. இதை மாடுலர் என்பார்கள். தாள் முழுக்க ஒரே மடிப்புக் கோலம் திரும்பத் திரும்ப வரும் டெசலேஷன் மூன்றாவது. கனமான தாளை ஈரப்படுத்திச் சிற்பம்போல வளைத்தெடுக்கும் ஈர மடிப்பு நான்காவது.

எது அழகு, எது சுலபம் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட, மடிப்பில் விழும் பிழை எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்ப்பது மேல். ஒற்றைத் தாளில் பிழை சேர்ந்துகொண்டே போகும். மாடுலரில் அந்தத் துண்டோடு நின்றுவிடும். டெசலேஷனில் பெருகும். ஈர மடிப்பு மடிப்புப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும், தண்ணீர்ப் பிழையைப் பொறுக்காது. எந்த வகைப் பிழையோடு உங்களால் பொறுமையாக இருக்க முடியும் என்பதுதான் முதல் கேள்வி. தினமும் பத்து நிமிடமாகக் கிடைக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மொத்தமாகக் கிடைக்கிறதா என்பது இரண்டாவது.

ஒற்றைத் தாள்: கொக்கும் அதைத் தாண்டியும்

கொக்கு இந்த வழியின் அரிச்சுவடி. 15 செ.மீ. சதுரத் தாள் போதும். நிறப்பக்கம் மேலே இருக்க இரண்டு மூலைவிட்டங்களையும் பள்ள மடிப்பாக (கோடு பள்ளத்தில் விழும்படி) மடித்துப் பிரிக்க வேண்டும். தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே இருக்க இரண்டு நடுக்கோடுகளையும் அதேபோல மடித்துப் பிரிக்க வேண்டும். இந்த நான்கு கோடுகளும் சரியான திசையில் விழுந்திருந்தால், மூலைகளைச் சேர்த்துப் பிடித்தவுடன் தாள் தானாகவே சிறு சதுரமாகச் சுருங்கும். இதுதான் சதுர பேஸ், பல உருவங்களுக்கும் தொடக்கமான அடிப்படை வடிவம். திறந்த நுனிப் பக்கத்து ஓரங்களை நடுக்கோட்டுக்கு மடித்து, மேல் முக்கோணத்தையும் ஒருமுறை மடித்துக் கோடு போட்டுவிட்டு எல்லாவற்றையும் பிரித்து, மேல் அடுக்கை மட்டும் தூக்கிப் படுக்க வைத்தால் இதழ் மடிப்பு. இரண்டு பக்கமும் செய்தால் பறவை பேஸ். இதில் நான்கு நீண்ட நுனிகள் கிடைக்கும்: இரண்டு இறக்கைக்கு, ஒன்று கழுத்துக்கு, ஒன்று வாலுக்கு.

தடுமாற்றம் வருமிடம் இதழ் மடிப்பு. மேல் அடுக்கைத் தூக்கும்போது பக்கவாட்டு ஓரங்கள் உள்ளே விழாமல் முரண்டு பிடிக்கும். இழுத்தால் நடுவில் கசங்கும். காரணம், முன்பு போட்ட பக்கக் கோடுகள் இப்போது எதிர்த் திசையில் மடங்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு கோடுகளையும் முன்னும் பின்னுமாக ஒருமுறை மடித்துப் பழக்கிவிட்டால் தாள் இழுக்காமலே வரும்.

இன்னொரு இடம், கழுத்தும் வாலும் ஆகப்போகும் நுனிகளை மெலிதாக்கும் மடிப்பு. ஓரத்தை நடுக்கோட்டில் அப்படியே ஒட்டவைத்தால் பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் அடுத்த படியில் நுனியை உள்ளே திருப்பி மேலே தூக்கும்போது தாளின் தடிமனுக்கு இடமில்லாமல் நுனி மொண்ணையாகும், சில சமயம் கிழியும். நடுவில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மடித்தால் கழுத்து கூர்மையாக வரும்.

பிழை சேர்வதை இங்கே கண்ணால் பார்க்கலாம். முதல் மூலைவிட்டம் ஒரு மில்லிமீட்டர் விலகினால் சதுர பேஸின் ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்காராது. இதழ் மடிப்பில் அது இரட்டிப்பாகி, இறக்கை நுனியில் வெள்ளைக் கீற்றாகத் தெரியும். இருபதாவது படியில் என்ன செய்தாலும் அது போகாது. முதல் நான்கு கோடுகளில்தான் கொக்கு தீர்மானமாகிறது. மடிக்கும்போது மூலையை மூலையோடு பொருத்தி, ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மடிப்பின் நடுவிலிருந்து இரண்டு ஓரங்களை நோக்கி நீவ வேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டினால் தாள் நகர்ந்துவிடும்.

இந்த வழியின் பெரிய நன்மை, உட்கார்ந்து எழும்போது கையில் ஒரு முழுமையான பொருள் இருக்கும். அரை மணி நேரம், ஒரு தாள், ஒரு பறவை. பெரிய குறை, கொக்குக்குப் பிறகு படிக்கட்டு செங்குத்தாகிறது. இருபது படியில் முடியும் உருவங்களிலிருந்து ஐம்பது அறுபது படி உருவங்களுக்குப் போகும்போது, நுனியைத் தாளுக்குள் அமிழ்த்தும் ‘சிங்க்’ மடிப்புகள் வரும். பலர் அங்கே மாதக்கணக்கில் நிற்கிறார்கள். நடுவில் தவளை, ஐரிஸ் பூ, மாசு எனப்படும் சதுரப் பெட்டி போன்ற மரபு உருவங்களைச் செய்து கையை உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. இயற்பியலாளர் ராபர்ட் லாங், காமியா போன்றோரின் பூச்சிகளும் டிராகன்களும் வேறு உலகம். மெல்லிய, உறுதியான, அரை மீட்டருக்குக் குறையாத தாள் வேண்டும். படிப்படியான படம்கூட இல்லாமல், மடிப்புக் கோடுகளின் வரைபடத்தை மட்டும் பார்த்து மடிக்கத் தெரிய வேண்டும். அதை முதல் வருடத்து இலக்காக வைத்துக்கொள்ளாதீர்கள்.

திரும்பத் திரும்ப ஒன்றையே செய்வதில் நிம்மதி காண்பவர்களுக்குக் கொக்கிலேயே ஒரு வழி உண்டு: செம்பசுரு, ஆயிரம் கொக்கு மாலை. ஹிரோஷிமா அணுகுண்டுக் கதிர்வீச்சால் நோயுற்று 1955இல் இறந்த சிறுமி சடாகோ சசாகியின் நினைவோடு சேர்ந்து உலகம் முழுக்கப் பரவிய பழக்கம் இது. 7.5 செ.மீ. தாளில் மடித்து, சரத்துக்கு 40 வீதம் 25 சரங்களாகக் கோப்பது வழக்கம்.

மாடுலர்: பிழை தங்காத வழி

மாடுலரில் தொடங்குவதென்றால் சோனோபே துண்டில் தொடங்குங்கள். மிட்சுனோபு சோனோபேயின் பெயரால் வழங்கும் இந்தத் துண்டில் இரண்டு நாக்குகளும் இரண்டு பைகளும் உண்டு. ஒன்றின் நாக்கு மற்றொன்றின் பைக்குள் போகும். அவ்வளவுதான் அமைப்பு. எத்தனை துண்டு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து உருவம் மாறும்: 6 துண்டில் கனசதுரம், 12இல் முள்முள்ளான சிறு நட்சத்திரம், 30இல் பெரிய உருண்டை.

காகிதக் கணக்கு எளிது. ஏ4 தாள் 21 × 29.7 செ.மீ. அதில் 7 செ.மீ. சதுரம் பன்னிரண்டு கிடைக்கும். மூன்று நிறத்தில் நிறத்துக்கொரு தாள் எடுத்தால் 36 சதுரம். உருண்டைக்கு 30 போக ஆறு மிச்சம். முதல் தடவை அந்த ஆறும் தேவைப்படும். 7 செ.மீ. சதுரத்தில் செய்த 30 துண்டு உருண்டையின் குறுக்களவு ஏறக்குறைய 8 செ.மீ. வரும்.

துண்டை மடிக்கும் முறை: சதுரத்தைப் பாதியாக மடித்துப் பிரிக்கவும். இரண்டு பக்க ஓரங்களையும் நடுக்கோட்டுக்கு மடித்துப் பிரித்தால் நான்கு சமப் பட்டைகள். கோடுகள் செங்குத்தாக இருக்கும்படி வைத்துக்கொண்டு, மேல் வலது மூலையையும் கீழ் இடது மூலையையும் பக்கத்துக் கோட்டோடு படியும்படி சிறு முக்கோணமாக மடிக்கவும். ஓரங்களை மறுபடி நடுக்கோட்டுக்கு மூடவும். இப்போது சாய்வு இல்லாத மற்ற இரண்டு மூலைகளை, ஒவ்வொன்றாக எதிர் ஓரத்துக்குக் கொண்டுவந்து, எதிர்ப்பக்க மடலின் அடியில் செருகவும். கிடைப்பது ஓர் இணைகரம். அதன் கூர்மையான இரண்டு நுனிகளையும் வழுவழுப்பான பின்பக்கமாக மடித்தால் சதுரம் தெரியும். கடைசியாக, விரிகோண மூலைகள் இரண்டையும் இணைக்கும் மூலைவிட்டத்தில் எதிர்த் திசையில் ஒரு மடிப்பு. நுனி மடிப்பும் இந்த மூலைவிட்டமும் ஒரே திசையில் இருந்தால் உருண்டை கூம்பாமல் உள்ளே குழியும்.

எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. மேல் வலது, கீழ் இடது என்று தொடங்கிவிட்டு, நடுவே கவனம் பிசகி ஒரு துண்டை மேல் இடது, கீழ் வலது என்று மடித்தால், அது கண்ணாடிப் பிம்பமாகிவிடும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் மற்றவற்றோடு சேராது. பத்துத் துண்டு மடித்த பிறகு எல்லாவற்றையும் ஒரே திசையில் அடுக்கிப் பாருங்கள்; சாய்வு மாறியிருப்பது உடனே தெரிந்துவிடும். அந்தத் துண்டைப் பிரித்து மறுபடி மடிக்கலாம், அல்லது தூக்கிப் போடலாம். மற்ற இருபத்தொன்பதுக்கும் எதுவும் ஆகாது. மாடுலரின் அருமை இதுதான்.

கோக்கும்போது மூன்று துண்டு சேர்ந்தால் ஒரு கூம்பு. 30 துண்டு உருண்டையில் ஒவ்வொரு சந்திப்பைச் சுற்றியும் ஐந்து கூம்பு இருக்க வேண்டும். நான்கு வைத்தால் சீக்கிரமே மூடிக்கொண்டு 12 துண்டு நட்சத்திரமாகிவிடும். ஆறு வைத்தால் வளையாமல் தட்டையாகப் பரவும். ஆக, உருண்டை வராமல் போனால் எண்ணிப் பார்ப்பது ஒன்றே மருந்து. மூன்று நிறத்தில் பத்துப் பத்துத் துண்டு எடுத்து, ஒவ்வொரு கூம்பிலும் மூன்று நிறமும் வரும்படி கோக்க முடியும். அது தனிப் புதிர். செய்து பார்த்தால் தூக்கம் கெடும்.

கடைசி மூன்று துண்டுகள்தான் உண்மையான சோதனை. ஒன்றைச் செருகினால் மறுபக்கம் கழன்று வரும். துண்டுகளின் மடிப்பு நன்றாக அழுத்தப்படாததுதான் காரணம். நகத்தால் நீவுவது போதாது. ஐஸ்கிரீம் குச்சியாலோ கரண்டியின் முதுகாலோ ஒவ்வொரு மடிப்பையும் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். முப்பது துண்டை நகத்தால் மட்டும் நீவினால் கட்டைவிரலும் வலிக்கும்.

பழகிய கைக்கு ஒரு துண்டுக்கு இரண்டு நிமிடம். பேருந்திலோ மருத்துவமனை வரிசையிலோ நாலு துண்டு மடித்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். துண்டு துண்டாகத்தான் நேரம் கிடைக்கிறது என்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யவும் ஏற்றது. ஆளுக்குப் பத்துத் துண்டு, கோப்பது பெரியவர். சோனோபே அலுத்த பிறகு டொமோகோ ஃபூசேயின் பெட்டிகளும், கணிதப் பேராசிரியர் தாமஸ் ஹல்லின் ஃபிஸ் துண்டும் காத்திருக்கின்றன. ஃபிஸ் துண்டு 30இல் பன்னிரண்டு ஐங்கோணக் கூடு, 90இல் கால்பந்து வடிவம். சோனோபேயைவிட இறுக்கமாகப் பிடிக்கும்.

குறை என்று சொன்னால், மாடுலர் மடிக்கும் நுணுக்கத்தை அதிகம் கற்றுத்தராது. நூறு சோனோபே மடித்தவருக்கும் இதழ் மடிப்பு புதிதுதான். விலங்கு, பறவை, மனித முகம் இவற்றில் ஆசை உள்ளவருக்கு இது பக்கவாட்டுச் சாலை.

டெசலேஷன்: கணக்கு பிடித்தவர்களுக்கு

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணைப் பறிக்கும் பிரிவு இது. ஆனால் முதல் ஒரு மணி நேரம் எதுவுமே உருவாகாது, கோடு மட்டும் போட்டுக்கொண்டிருப்பீர்கள். 16 கட்டத் தாளுக்கு ஒரு திசையில் 15 கோடு, இரு திசையும் சேர்த்து 30. 32 கட்டத்துக்கு 62.

கட்டம் போடுவதில் பலரும் செய்யும் பிழை, மடித்ததன்மேலேயே பாதி பாதியாக மடித்துக்கொண்டு போவது. அடுக்கு கூடக் கூட வெளி அடுக்கு நகரும். எட்டாவது கோட்டுக்கும் ஒன்பதாவது கோட்டுக்கும் இடைவெளி வேறாகிவிடும். ஒவ்வொரு கோட்டுக்குப் பிறகும் தாளை முழுக்கப் பிரித்து, ஒற்றை அடுக்கில், ஓரத்தையோ முன்பு போட்ட கோட்டையோ அடுத்த கோட்டோடு பொருத்தி மடியுங்கள். முதலில் பாதி, பிறகு கால், பிறகு அரைக்கால், பிறகு வீசம். எல்லாக் கோடுகளும் போட்ட பிறகு ஒவ்வொன்றையும் மறுபக்கமும் ஒருமுறை மடித்துவிட்டால், சுருக்கும்போது தாள் இரண்டு திசைக்கும் இணங்கும்.

பிழை பெருகும் என்று சொன்னதன் காரணம் இது: ஒரு கட்டம் அரை மில்லிமீட்டர் பெரிதானால், அந்த வரிசையில் வரும் ஒவ்வொரு திருகும் (தாளைச் சுழற்றிப் படுக்கவைக்கும் மடிப்பு) அண்டைத் திருகோடு மோதும். ஓரத்தில் கோணலாக நிற்கும் தாளைத் திருத்த வழி கிடையாது. முதல் முயற்சிக்கு 24 செ.மீ. தாளில் 16 கட்டம் போட்டால் கட்டம் 1.5 செ.மீ.; விரலுக்கு வசதி. அதில் நடுவே ஒரே ஒரு சதுரத் திருகு மட்டும் செய்யுங்கள். நடுவில் சின்னச் சதுரம், அதன் நான்கு மூலைகளிலிருந்தும் புறப்படும் நான்கு மடிப்புப் பட்டைகள், சதுரத்தைத் திருகினால் எல்லாம் ஒன்றாகப் படுக்கும். ஒன்று படிந்த பிறகு நான்கு, பிறகு ஒன்பது.

ஒரு சந்திப்பு தட்டையாகப் படியாமல் அடம்பிடித்தால் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம், எண்ணிப் பார்க்கலாம். அந்தப் புள்ளியில் சேரும் மேட்டு மடிப்புகளுக்கும் (கோடு மேடாக எழுபவை) பள்ள மடிப்புகளுக்கும் எண்ணிக்கையில் வித்தியாசம் சரியாக இரண்டு இருக்க வேண்டும். இது மயேகவா விதி. புள்ளியைச் சுற்றியுள்ள கோணங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டினால் 180 பாகை வர வேண்டும். இது கவசாகி விதி. முதல் விதி தவறினால் ஏதோ ஒரு மடிப்பின் திசை மாறியிருக்கிறது; இரண்டாவது தவறினால் கட்டமே கோணல்.

மூன்றால் வகுக்க வேண்டிய கட்டம் வந்தால் அளவுகோல் தேவையில்லை. சதுரத்தின் கீழ் இடது மூலையை மேல் ஓரத்தின் நடுப்புள்ளியில் வைத்து மடியுங்கள். மடங்கி வந்த கீழ் ஓரம் வலது ஓரத்தை வெட்டும் இடம், மேலிருந்து சரியாக மூன்றில் இரண்டு பங்கு தூரம். கசுவோ ஹாகா கண்டறிந்த உண்மை இது. இப்படி மடித்தே வடிவியல் கற்பிக்கும் யோசனைக்குச் சென்னையில் பழைய வேர் இருக்கிறது: டி. சுந்தர ராவ் என்பவர் காகித மடிப்பால் வடிவியல் பயிற்றும் நூலை 1893இல் சென்னையில் வெளியிட்டார். ஜெர்மன் கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் கிளைன் அதைத் தம் நூலில் எடுத்துக்காட்டிய பிறகு மேல்நாட்டிலும் பரவியது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கில் பிடிப்பு வர வேண்டும் என்று ஒரிகாமியைத் தேடுகிறவர்கள் டெசலேஷனையும் இந்த வகை மடிப்பையும்தான் பார்க்க வேண்டும், கொக்கை அல்ல.

கட்டம் போடப் பொறுமை இல்லை, ஆனாலும் இந்த அழகு வேண்டும் என்பவர்களுக்கு ஷூசோ ஃபுஜிமோட்டோவின் ஹைட்ரேஞ்சியா மடிப்பு இருக்கிறது. ஒரே அமைப்பு நடுவிலிருந்து வெளியே அடுக்கடுக்காக வளரும், எந்த அடுக்கில் வேண்டுமானாலும் நிறுத்தலாம். இன்னும் எளிதாக வேண்டுமானால் மியூரா மடிப்பு: எதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் முழுத் தாளும் ஒரே இழுப்பில் விரியும். கோர்யோ மியூரா உருவாக்கிய இந்த மடிப்பில் அமைந்த சூரியத் தகடு ஒன்று 1995இல் ஜப்பானின் விண்கலத்தில் விரித்துச் சோதிக்கப்பட்டது. ஏ4 தாளே போதும், அரை மணியில் முடியும்.

ஈர மடிப்பு: இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்

ஜப்பானிய ஒரிகாமிக் கலைஞர் அகிரா யோஷிசாவா (1911–2005) வளர்த்தெடுத்த முறை இது. யானையின் முதுகு, முகத்தின் கன்னம் போன்ற வளைவுகள் இதில்தான் உயிரோடு வரும். 120 முதல் 200 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரையுள்ள கனமான தாள் வேண்டும். தாளில் பசைச்சத்து இருந்தால்தான் காய்ந்ததும் விறைப்பாக நிற்கும். நீர்வண்ண ஓவியத்துக்கான மெல்லிய ரகத் தாள் தொடக்கத்துக்கு நல்லது.

கெட்டுப்போவது எப்போதும் தண்ணீரால். பிழிந்த துணியால் இரண்டு பக்கமும் சமமாகத் துடைக்க வேண்டும். தாள் தோல்போலத் துவள வேண்டும், மின்னக் கூடாது. மின்னினால் தண்ணீர் அதிகம், கோடுகள் கூடும் புள்ளியில் கிழியும். ஈரத்தில் தாள் ஒரு திசையில் மட்டும் அதிகமாக விரியும் என்பதால், முன்னமே துல்லியமாகப் போட்ட கோடுகள் பொருந்தாமல் போகும். ஆகவே முப்பது படி துல்லிய உருவங்கள் இதற்கு ஆகாது. பத்துப் பதினைந்து மடிப்பில் முடிந்து, மிச்சத்தைக் கைவளைவில் கொண்டுவரும் உருவங்கள்தான் பொருந்தும். மடித்ததை மாஸ்கிங் டேப்பால் பிடித்து ஓர் இரவு காயவிட வேண்டும். சாதாரண ஒரிகாமித் தாளில் முயன்றால் சாயம் கையில் வரும், தாள் கூழாகும். மடிப்பின் அடிப்படைகள் விரலில் ஏறிய பிறகே இதற்கு வாருங்கள்.

படமா, வீடியோவா

வீடியோ வசதியானது, ஆனால் ஆசிரியரின் விரல் மறைக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் முக்கியமான அசைவு இருக்கும். சோனோபேயைக் கோப்பது, சதுரத் திருகைச் சுருக்குவது போன்ற முப்பரிமாண அசைவுகளுக்கு மட்டும் வீடியோ பாருங்கள். மற்றதற்குப் படம் படிக்கக் கற்றுக்கொள்வது நல்ல முதலீடு. யோஷிசாவா வகுத்து, சாமுவேல் ரேண்ட்லெட் உள்ளிட்டோர் விரிவாக்கிய குறியீடுகளே இன்றும் உலகெங்கும் நடைமுறை: வெறும் சிறுகோடுகள் பள்ள மடிப்பு, கோடும் புள்ளியுமாக வந்தால் மேட்டு மடிப்பு, வளையம் போட்ட அம்பு தாளைத் திருப்பு. ஜப்பானிய மொழி தெரியாமலே ஜப்பானியப் புத்தகத்திலிருந்து மடிக்கலாம். ஒரு படியை மடிக்கும் முன் அடுத்த படியின் படத்தைப் பார்ப்பது முக்கியம். இந்த மடிப்பு முடிந்ததும் தாள் எப்படி இருக்க வேண்டும் என்பது அங்கேதான் இருக்கிறது.

காகிதமும் முதல் மாதமும்

கொக்குக்குக் காமி எனப்படும் ஒருபக்க நிறத் தாள்தான் சரி. மெல்லியது, கோடு நன்றாகப் பிடிக்கும். நகல் எடுக்கும் 75 அல்லது 80 ஜி.எஸ்.எம். தாளில் 15 செ.மீ. கொக்கு மடித்தால் கழுத்து தடித்துப் போகும். ஏ4இலிருந்து 21 செ.மீ. சதுரமாக வெட்டிப் பயன்படுத்தினால் பழகுவதற்குப் பரவாயில்லை. சோனோபேக்கு நிலைமை தலைகீழ்: காமி வழுக்கும், துண்டுகள் கழன்று வரும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கலர் ஏ4 தாளின் சொரசொரப்பும் தடிமனும்தான் பிடிப்பைத் தரும். டெசலேஷனுக்கு இரண்டுமே சுமார்தான். காமியில் திரும்பத் திரும்ப மடித்தால் நிறம் உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரியும். டிரேசிங் பேப்பர் வெளிச்சத்தில் அழகு, ஆனால் ஒரே கோட்டை நாலைந்து முறை திருப்பினால் வெடிக்கும். பழுப்பு கிராஃப்ட் தாளின் மெல்லிய ரகம் இதற்கெல்லாம் ஈடுகொடுக்கும். சார்ட் பேப்பரை எதற்கும் எடுக்காதீர்கள்.

எல்லா வழிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வேலைக்குப் போய்வந்து அரைகுறையாக நேரம் கிடைக்கும் பெரியவர்களுக்கு மாடுலரே முதல் படி என்பது எங்கள் முடிவு. ஒரு வாரத்துக்குள் மேசையில் வைக்க ஒரு பொருள் கிடைக்கும். தவறினால் தாளில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் நட்டம். தொடர்ச்சியாக ஒரு மணி நேரம் உட்கார முடிகிறவர்கள், குறிப்பாக விலங்குகளும் பறவைகளும் மடிக்க ஆசைப்படுகிறவர்கள், நேராகக் கொக்கில் தொடங்கலாம். கணக்கிலும் கோலத்திலும் மனம் லயிப்பவர்கள் மியூராவில் தொடங்கி, சதுரத் திருகுக்குப் போகட்டும்.

மாடுலரில் தொடங்குகிறவருக்கு முதல் மாதக் கணக்கு: மூன்று நிறத்தில் ஐந்தைந்து கலர் ஏ4 தாள், ஓர் உலோக ஸ்கேல், ஒரு பேப்பர் கத்தி, ஓர் ஐஸ்கிரீம் குச்சி. முதல் வாரம் 6 துண்டு கனசதுரம், அதைப் பிரித்து மறுபடி கோப்பது. இரண்டாவது வாரம் 12, மூன்றாவது வாரம் 30. நான்காவது வாரம் 21 செ.மீ. சதுரத்தில் கொக்கு, அதற்குள் விரல்கள் ஓரத்தை ஓரத்தோடு பொருத்தப் பழகியிருக்கும்.

கத்தரிக்கோலால் சதுரம் வெட்டாதீர்கள். ஸ்கேலும் கத்தியும்தான் நேர் ஓரம் தரும். சதுரமென்று விற்கும் கட்டையும் நம்பிவிட வேண்டாம். ஒரு தாளை எடுத்து மூலைவிட்டமாக மடித்துப் பாருங்கள், பிறகு பிரித்து, ஓரத்தை எதிர் ஓரத்தோடு வைத்துப் பாதியாகவும். இரண்டிலும் ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் சதுரம். ஒரு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கட்டைச் சோனோபே பழக வைத்துக்கொண்டு, கொக்குக்கு வேறு தாள் வாங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் காற்றின் ஈரத்தைக் குடித்து மடிப்புகள் தளரும், உருண்டைகள் நெகிழும். செய்து முடித்தவற்றை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது போதும். நிரந்தரமாக நிற்க வேண்டிய உருவத்துக்கு மெத்தில் செல்லுலோஸ் பசையை நீர்க்கக் கரைத்து மெல்லிய தூரிகையால் உட்பக்கம் தடவலாம். தூளைச் சுடுநீரில் தூவிக் கலக்கி, பிறகு ஆறவிட்டால் கட்டி தட்டாமல் கரையும்.